போனதுக்கெல்லாம் ஒரே சொல்

— இல்லைங்க டீச்சர், பாப்பா பல் தேய்க்கிற பிரஷ்ஷை 'பஷ்'னு சொன்னா நான் ஏன் கவலைப்படப்போறேன்? சீப்பும் பஷ்ஷுங்கிறா, போனாப் போகுது. துடைப்பம் பஷ். வாசல்ல கிடக்கிற தேங்கா நார் மிதியடி பஷ். முந்தாநாள் இவர் ஆறு மாசம் கழிச்சு வந்து இறங்கி, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. தாடியைத் தடவிப் பார்த்துட்டு இவரையும் பஷ்ஷுங்கிறா.

— கப்பல்ல ஷேவ் பண்ண சோம்பேறித்தனம் மேடம். அதாவது, இன்ஜின் ரூம்ல நம்ம மூஞ்சியை யாரு பார்க்கப்போறாங்கன்னு விட்டது.

— நீங்க முதல்ல உட்காருங்க சார். வந்ததுலேருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க.

— பரவாயில்லை மேடம். நின்னாத்தான் எனக்குக் காது கேட்கும்.

— சரி. உங்க குண்டூசிப் பாப்பா அந்த மூலையில கட்டையை அடுக்கட்டும், நாம நிதானமாப் பேசுவோம். பஷ் தப்பே இல்லைம்மா. அதெல்லாம் தொட்டா குத்தும் இல்லையா? குத்தறதெல்லாம் அவளுக்கு பஷ். தொட்டுப் பார்த்துப் பேர் வைக்கிறா. இந்த வயசுல நிறையப் பிள்ளைங்க உருவத்தைப் பார்த்துப் பேர் வைக்கும். ஒரு கரண்டியைக் காட்டி கரண்டின்னு சொன்னாப் போதும், மரமோ பிளாஸ்டிக்கோ, பெருசோ சிறுசோ, அந்த உருவத்துல இருக்கிறது எல்லாமே கரண்டிதான்னு அதுங்களாவே பிடிச்சுக்கும். பேச்சு தாமதமாகிற பிள்ளைங்கள்ல சிலருக்கு அந்தப் பிடி சட்டுனு கிடைக்கிறதில்லை. ஒவ்வொரு சாமானையும் புதுசா ஆரம்பிக்க வேண்டியிருக்கு. உங்க பொண்ணு ரெண்டு வயசு எட்டு மாசத்துல பதினோரு வார்த்தையோட நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

— பன்னெண்டு டீச்சர். நோட்டுல கடைசியா எழுதியிருக்கேன் பாருங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவர் ஒரு மாசம் முன்னாடியே இறங்கி வந்தாரு.

— 'அப்பா'.

— ஆமா. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்றா. இன்னும் முழுசா வரலை, 'ப்பா'ன்னு வருது.

— அதாவது மேடம், இவ போன்ல பதிவு பண்ணி அனுப்பினா. நான் ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்கேன், அங்க இடி விழுந்தாலும் கேட்காது. நாலு மாடி படியேறி டெக்குக்கு ஓடினேன். காதுல வச்சுக் கேட்டா, 'ப்பா'. மறுபடியும் 'ப்பா'. மெஸ்ல சமையல்காரர்கிட்டப் போட்டுக் காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வச்சுட்டு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. அன்னிக்கு முழுக்க யார் என்னைப் பார்த்தாலும் 'ப்பா'ன்னுதான் கூப்பிட்டாங்க. எங்க சீஃப் இன்ஜினியர் சிரிக்கவே மாட்டார், அவரும் கூப்பிட்டார். ராத்திரியே போய் அவர்கிட்ட, என்னை அடுத்த துறைமுகத்துல இறக்கி விடுங்கன்னு கேட்டேன்.

— வந்தப்புறம் கூப்பிட்டாளா?

— இன்னும் இல்லை.

— புது ஆளு மாதிரி பார்க்கிறா டீச்சர். கூச்சம் போனா கூப்பிடுவா. அவர் இல்லாதப்போ தேடித் தேடிக் கூப்பிட்டவதானே.

— எப்பல்லாம் கூப்பிட்டான்னு எழுதச் சொல்லியிருந்தேனே.

— எழுதியிருக்கேன். குளிச்சு முடிச்சதும் வாளித் தண்ணியைக் கொட்டினா, தண்ணி ஓடறதைப் பார்த்துக்கிட்டே 'ப்பா'. எதிர்வீட்டுக்காரங்க லிஃப்ட்ல ஏறிக் கதவு மூடினா 'ப்பா'. டம்ளர்ல பால் தீர்ந்துட்டா, கவுத்துப் பார்த்துட்டு 'ப்பா'. பலூன் வெடிச்சதுக்கு அழலை டீச்சர், 'ப்பா'ன்னா. எதைப் பார்த்தாலும் அவளுக்கு இவர் ஞாபகம். சொல்லப்போனா எனக்கே தாங்கலை, சில நாள் நான் அழுதிருக்கேன்.

— குண்டூசி, இங்க வா கண்ணு. இது என்ன? பந்து. சிவப்புப் பந்து. டீச்சர் என்ன பண்றேன் பாரு. டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். பந்து எங்கே?

— ப்பா.

— இன்னொண்ணு பார்ப்போம். விளக்கைப் பாரு. டக். அணைச்சாச்சு.

— ப்பா.

— என்ன டீச்சர் இது?

— சார் ரெண்டடி தள்ளி நிக்கிறாரு. அவ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, கவனிச்சீங்களா? ஒண்ணு கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. 'அப்பா'ங்கிற வார்த்தையை வீட்ல நீங்க எப்ப சொல்வீங்க?

— எப்பன்னா... இவர் கப்பல் ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பறப்போ இவளைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிப்பேன். அப்பாவுக்கு டாட்டா சொல்லு, அப்பா போறாங்க பாரு, அப்பா போயிட்டாங்கன்னு சொல்வேன். அப்புறம் போன்ல. பேசிக்கிட்டே இருப்பாரு, நடுக்கடல்ல சிக்னல் அறுந்துடும், திரை கறுப்பாயிடும். போச்சா, அப்பா போயிட்டாங்களாம்பேன்.

— அவர் வீட்ல இருக்கும்போது?

— இருக்கும்போது எதுக்கு டீச்சர் சொல்லணும்? ஆளுதான் எதிர்ல இருக்காரே. 'ஏங்க'ன்னு கூப்பிடுவேன்.

— ம்.

— ஐயோ டீச்சர்.

— அதாவது மேடம், அவளுக்கு அப்பான்னா ஆளு இல்லை. ஆளு இல்லாம போறதுதான் அப்பா.

— சார், உட்காருங்க.

— வாளித் தண்ணி போனாலும் நான்தான். பால் தீர்ந்தாலும் நான்தான். இதைப் போய்க் கப்பல் முழுக்கப் போட்டுக் காட்டியிருக்கேன்.

— அவ தப்பு பண்ணலை, அதை முதல்ல புரிஞ்சுக்குங்க. அந்த வார்த்தை காதுல விழுந்த நேரமெல்லாம் என்ன நடந்ததுன்னு சேர்த்துப் பார்த்திருக்கா. ஒவ்வொரு தடவையும் பொதுவா இருந்தது, ஏதோ ஒண்ணு கண்ணுக்கு முன்னாடி மறைஞ்சதுதான். இவ்வளவு யோசிக்கிற பிள்ளைக்கு மூளையில குறைன்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க.

— ஏங்க, உங்க அக்கா சொன்னாங்கல்ல. கேட்டுக்குங்க.

— அவளை இப்ப ஏன் இழுக்கிற?

— ரெண்டு பேரும் நிதானமா. இப்ப செய்ய வேண்டியதைச் சொல்றேன். ஒண்ணு, கரண்டி. ஒரே உருவம், வேற வேற பொருள்ல, வேற வேற அளவுல நாலைஞ்சு வேணும். எல்லாத்தையும் ஒண்ணா வச்சு, இதுவும் கரண்டி, இதுவும் கரண்டின்னு அவ கையில கொடுத்து விளையாடணும்.

— நான் வெட்டித் தர்றேன் மேடம். தகரம், மரம், ரப்பர், ஸ்பாஞ்சு, எதுல வேணாலும்.

— நல்லது. ரெண்டாவது, எது மறைஞ்சாலும் இனிமே 'காணோம்'. அந்த இடத்துல அப்பாங்கிற பேச்சே வரக்கூடாது. சார் எதிர்ல இருக்கும்போதுதான் அப்பா. குளிச்சுட்டு ஈரமா வந்தாலும் அப்பா, சட்டையை மாத்தினாலும் அப்பா, படுத்திருந்தாலும் அப்பா.

— எத்தனை நாள் ஆகும்?

— சொல்ல முடியாது சார். சில பிள்ளைங்களுக்கு ஒரு மாசம், சிலதுக்கு ஒரு வருஷம்.

— எத்தனை நாளானாலும் சரி. நான் இனிமே கப்பலுக்குப் போகலை.

— அவசரப்பட்டு எதையாவது சொல்லாதீங்க.

— போகலைன்னா போகலை. எழுதிக்குங்க மேடம், உங்க நோட்டுலயே எழுதிக்குங்க.

*

— இவளே, அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. சொல்லிட்டா.

— யாரு, என்ன சொன்னா?

— குண்டூசி. 'ப்பா'ன்னா. என் மடியில உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் என் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, நேரா மூஞ்சியைப் பார்த்துச் சொன்னா. விளக்கும் அணையலை, தண்ணியும் ஓடலை. கப்பலை விட்டுட்டு ஒரு மாசமா ஹோட்டல் பாய்லர் ரூம் வேலை விட்டா வீடு, வீடு விட்டா பாய்லர் ரூம்னு கிடந்தது வீண் போகலை பாரு.

— இருங்க. எப்ப ஷேவ் பண்ணீங்க?

— இப்பத்தான். கால்மணி நேரம் இருக்கும். ஏன்?

— குண்டூசிக் கண்ணு, அம்மாவுக்குக் காட்டு. இங்க என்ன?

— பஷ் ப்பா.

— அதாவது...

— ஏங்க.

— தாடியைக் காணோம்னு சொல்றா.

— ஆமாங்க.

— சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. வாயை மூடிக்கிட்டுக் கஷ்டப்படாத.

— நான் அதுக்குச் சிரிக்கலைங்க. ரெண்டு வார்த்தையை ஒட்டிச் சொல்லியிருக்கா, அதை யோசிச்சீங்களா? 'பஷ் ப்பா.' இதுநாள் வரைக்கும் தனித்தனியாத்தான் விழும். இருங்க, நோட்டை எடுத்துட்டு வர்றேன்.

— நோட்டு, நோட்டு. என்னோட பேசறதை விட அந்த நோட்டோடதான் நீ அதிகமாப் பேசற.

— மூணு வருஷமா வேற யாரு இருந்தா பேசறதுக்கு?

— சரி விடு.

— விடறதுக்கு என்ன இருக்கு. இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? சொல்லலாம்னு வந்தா நீங்க தாடிக் கதையை ஆரம்பிச்சுட்டீங்க. தெருமுனையில வீடு கட்டறாங்கல்ல, அந்தப் பக்கமா நடந்து வந்துக்கிட்டிருந்தோம். ஒரு ஆள் மணலை அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தாரு. இவ கையை உதறிக்கிட்டு நின்னுட்டா. அவர் கையில இருந்த மண்வாரியைக் காட்டி, 'கண்டி'ங்கிறா.

— கரண்டியா?

— ஆமாங்க. அவ்வளவு பெருசு, இரும்பு, முழுக்க மண்ணு. வீட்ல இருக்கிற எந்தக் கரண்டியோடயும் சேராது. நீங்க வெட்டிக் கொடுத்த தகரக் கரண்டி, ரப்பர் கரண்டி எல்லாத்தையும் மூணு வாரம் தூக்கித் தூக்கிப் போட்டவ, உருவத்தைப் பிடிச்சுட்டா. அந்த ஆள்கிட்ட, அண்ணே ஒரு நிமிஷம் அதைத் தூக்கிக் காட்டுங்கன்னு கேட்டேன். தூக்கிப் பிடிச்சாரு. மறுபடியும் 'கண்டி'. நான் அப்படியே அந்த மணல் குவியல்ல உட்கார்ந்து அழுதுட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாரு.

— என்கிட்ட உடனே போன் பண்ணியிருக்கக்கூடாதா?

— பண்ணேன். எடுக்கலை. பாய்லர் ரூம்ல கேட்கலையோ என்னவோ.

— கேட்கும். அங்க என்ன பெரிய சத்தம். கொசு மாதிரி ஒரு இரைச்சல்.

— அப்ப ஏன் எடுக்கலை?

— பின்பக்கம் போய் நின்னுக்கிட்டிருந்தேன். சும்மா.

— உட்காருங்களேன்.

— உட்கார்ந்துதானே இருந்தேன்.

— எங்க இருந்தீங்க? இந்த ஒரு மாசத்துல வீட்ல இருக்கிற குழாயெல்லாம் கழற்றி மாட்டியாச்சு. ஓடாத ஃபேன் ஓடுது. நல்லா ஓடிக்கிட்டிருந்த மிக்ஸி ஓடலை. உங்களுக்குக் கால் தரையில நிக்கலைங்க.

— தூக்கம் வரலை. அதான். இன்ஜின் சத்தம் முதுகுக்குக் கீழே இருந்துக்கிட்டே இருக்கணும். பதினாலு வருஷப் பழக்கம். இங்க படுத்தா எல்லாமே நின்னுபோன மாதிரி இருக்கு. நின்னுபோச்சுன்னா ஓடணும், என்ன ஆச்சுன்னு பார்க்கணும், அப்படித்தான் உடம்பு பழகியிருக்கு. எழுந்து பார்த்தா, பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்லை.

— மறுபடியும் போகணும்னு இருக்கா?

— போகலைன்னு அந்த மேடம் முன்னாடி சொல்லியாச்சு.

— நான் கேட்டதுக்கு அது பதில் இல்லை.

— இவ கூப்பிடட்டும். ஒரு தடவை, என்னைப் பார்த்து, என்னையே கூப்பிடட்டும். அப்புறம் பார்ப்போம்.

— கூப்பிட்டா இருந்துடுவீங்களா, இல்லை கூப்பிட்டா போயிடுவீங்களா?

— என்னடி கேள்வி இது?

— தெரியலை. வாயில வந்துடுச்சு. என்னவோ, உங்க அக்கா போன வாரம் வந்தப்போ சொன்னதே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. நீ பிள்ளைகிட்டப் பேசியிருந்தா அது ஏன் பேசாமப் போகுதுன்னு கேட்டாங்க. நான் காப்பி போட உள்ளே போயிட்டேன். பேசினேன், அண்ணி. விடாம பேசினேன். ஆனா பேசினதெல்லாம் உங்க தம்பி போன கதையைத்தான்னு எப்படிச் சொல்றது?

*

— அடடே, ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நாலு மாசம் இருக்குமே. வாங்க சார். இன்னிக்காவது உட்காருவீங்களா?

— உட்கார்ந்துட்டேன் மேடம், பாருங்க.

— அதிசயம்தான். நோட்டைக் கொடுங்கம்மா. அறுபத்தி நாலு வார்த்தையா?

— அறுபத்தி ஆறு டீச்சர். காலையில வர்ற வழியில ரெண்டு. சக்கரம், இன்னொண்ணு குடை. குடையை மடிச்சு வச்சிருந்தாலும் குடைன்னு சொல்றா.

— இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு பிடி கிடைச்சா அதுங்க நம்மளை விட வேகமாப் போகும். குண்டூசி, டீச்சர்கிட்ட வா. பந்தை டப்பாவுக்குள்ள போட்டாச்சு. பந்து எங்கே?

— காணோம்.

— கேட்டீங்களா? எவ்வளவு சுத்தமா சொல்றா. பழைய 'ப்பா' போயே போச்சு.

— அது போய் ஒரு மாசமாச்சு டீச்சர். நடுவுல கொஞ்ச நாள் அந்த வார்த்தையே வரலை, இவரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடலை. சட்டையைப் பிடிச்சு இழுப்பா, அவ்வளவுதான். இவர் வெளிய காட்டிக்கலைன்னாலும் முகம் எனக்குத் தெரியாதா? ஆனா நேத்து சாயங்காலம் நடந்ததைச் சொல்லத்தான் நான் காலையிலேருந்து துடிச்சுக்கிட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்களேன்.

— நீயே சொல்லு.

— நான் மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன் டீச்சர். கீழேருந்து குரல் வருது. 'அப்பா'. முழுசா, அ-னாவோட. 'அப்பா, அப்பா'ன்னு விடாம. துணியைப் போட்டுட்டு ஓடி வந்தேன். இவர் தாழ்வாரத்துல உட்கார்ந்திருக்காரு, இவ கழுத்தைக் கட்டிக்கிட்டு அப்பா, அப்பாங்கிறா. எதுவும் மறையலை. யாரும் போகலை. ஆளு அங்கயேதான் இருந்தாரு.

— எனக்கே புல்லரிக்குது. சார், நீங்க என்ன பண்ணீங்க?

— ஒண்ணும் பண்ணலை மேடம். தூக்கி வச்சுக்கிட்டேன்.

— ரொம்ப நேரம் இவர் அவளைக் கீழே இறக்கவே இல்லை டீச்சர். சாப்பிடக்கூட இறக்கலை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

— இது உங்களுக்குக் கிடைச்ச வார்த்தை சார். நாலு மாசம் காத்திருந்து வாங்கியிருக்கீங்க. நான் கோப்புல ஒழுங்கா எழுதிக்கிறேன். அவ கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்தது? எதைப் பார்த்துக்கிட்டிருந்தா?

— அதெல்லாம் எதுக்கு மேடம். கூப்பிட்டா, அது போதும்.

— எல்லா வார்த்தைக்கும் எழுதறதுதான். இதுக்கு எழுதாம விடுவேனா? நீங்க அவளைப் பார்த்துக்கிட்டிருந்தீங்களா, இல்லை வேற ஏதாவது வேலையா?

— வேலைன்னு இல்லை. குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.

— கையில?

— அதாவது... ஷூ. பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தேன்.

— அவ ஷூவா, உங்களோடதா?

— என்னோடது.

— எந்த ஷூங்க? ஹோட்டல் ஷூவை அங்கேயே விட்டுட்டுச் செருப்புலதானே வருவீங்க?

— ம்.

— ஏங்க. எந்த ஷூ?

— கப்பல் ஷூதான். சீஃப் கூப்பிட்டிருந்தார், சரின்னுட்டேன், திங்கட்கிழமை ஏறணும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு நாளாத் தவிச்சுக்கிட்டிருந்தேன். இவ முந்திக்கிட்டா.